கீச்... கீச்... காலுக்கடியில் ஒரு சத்தம்! உங்கள் கார் பெடல் என்ன சொல்கிறது?

நம்ம வீட்டு வண்டி

எங்கள் அப்பாவின் கார் வருவது தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிடும். ஹாரன் அடிக்க வேண்டியதில்லை. கிளட்சை மிதித்தால் ஒரு 'கீச்', விட்டால் ஒரு 'கீச்'. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் இரண்டு வேகத்தடைகள். இரண்டையும் தாண்டி நான்கு கீச் கேட்டு முடித்ததும், அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். கார் நின்று, அப்பா செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி வருவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போன எனக்கு அந்தச் சத்தம் இரண்டு நாளில் சலித்துவிட்டது. "அப்பா, அந்த பெடலைக் கொஞ்சம் பாருங்களேன், பல்லு கூசுது" என்றேன். "பார்க்கலாம்மா" என்றார். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள், என் தொல்லை தாங்காமல், சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் போய், பெடலுக்கு மேலே குத்துமதிப்பாக ஊற்றிவிட்டு வந்தார்.

"இப்ப நின்னுருச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

"நின்னுருச்சுப்பா."

ஓட்டுகிறவர் அவர். சத்தம் நின்றதா என்று என்னிடம் ஏன் கேட்டார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நாலே நாளில் கீச் திரும்பி வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை, ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டுப் பால்கோவா வாங்கி வரலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். நடுவில் சுமார் 12 கிலோமீட்டர்தான். கோயிலுக்குப் பக்கத்தில் கூட்டம். முன்னால் ஓர் ஆட்டோ நின்றுவிட, அப்பாவும் நிறுத்தினார். முதல் கியரிலேயே, கிளட்சை மிதித்தபடி. வலது கால் பிரேக்கிலிருந்து அப்போதுதான் எழுந்தது. அந்த நொடியில் இடது கால் கிளட்சிலிருந்து வழுக்கியது. கார் ஒரு முழம் எகிறிக் குதித்து, குலுங்கி, அணைந்தது.

பம்பருக்கும் பூக்காரம்மாவின் கூடைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. "என்னய்யா இது, சாமி கும்பிட வந்த இடத்துல!" என்று அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கூடைக்குப் பக்கத்தில் அவருடைய பேரப்பிள்ளை உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அப்பாவின் கை ஸ்டீயரிங்கில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

பெடலின் ரப்பர் முழுக்கத் தேங்காய் எண்ணெய் இறங்கியிருந்தது. சத்தத்தைப் போக்க ஊற்றிய எண்ணெய்தான் காலை வாரிவிட்டது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

திங்கட்கிழமை காலை, வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குப் போனோம். அவர் பெடலை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, காருக்குமா தலைக்கு எண்ணெய் தேச்சு விட்டீங்க?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீங்க வாங்க. உள்ள தலைய விட்டுப் பாருங்க, புரியும்" என்று கையில் டார்ச்சைக் கொடுத்தார்.

டிரைவர் சீட்டைப் பின்னால் முழுக்கத் தள்ளிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால் ஒரு தனி உலகம் தெரிகிறது. நாம் மிதிக்கும் பெடல், மேலே ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்குகிறது. அதன் தலையில் ஒரு துளை. துளைக்குள் ஒரு தண்டு. தண்டுக்கும் பெடலுக்கும் நடுவில் நைலான் அல்லது பிளாஸ்டிக் 'புஷ்'. கதவுக்குக் கீல் எப்படியோ, பெடலுக்கு அந்தத் தண்டும் புஷ்ஷும். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே தண்டுதான். மிதித்த பெடலை மேலே இழுக்க ஒரு ஸ்பிரிங். பிரேக் பெடலில் நடுவே ஒரு பின். அதன் வழியே ஒரு கம்பி முன்னால் போய் பூஸ்டரைத் தள்ளும். கிளட்ச் பெடலிலிருந்து, வண்டியைப் பொறுத்து, கேபிள் இழுக்கும் அல்லது ஆயில் தள்ளும்.

ஆக, கீச் சத்தம் வரக்கூடிய இடங்கள் மூன்று: புஷ், ஸ்பிரிங்கின் இரண்டு கொக்கிகள், அந்த பின்.

கிணற்று உருளை கிரீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஊஞ்சல் சங்கிலி முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். இதுவும் அதேதான். இரண்டு பரப்புகளுக்கு நடுவே மசகு இருக்கும்வரை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். மசகு வறண்டுவிட்டால் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் கூடும்போது சட்டென்று வழுக்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடித்தலும் வழுக்கலும் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நடக்கும்போது அது நம் காதுக்குக் 'கீச்' என்று கேட்கிறது. வயலினில் வில் போட்டால் இசை வருவதும் இதே கணக்குதான். அங்கே அது சங்கீதம். இங்கே அது தேய்மானம்.

மசகு ஏன் வறள்கிறது? காரை வாங்கியபோது வைத்த கிரீஸ் காலப்போக்கில் காய்கிறது. மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு ஏறுகிறோம். வாட்டர் சர்வீஸில் உள்பக்கமும் தண்ணீர் பீய்ச்சச் சொல்கிறோம். செம்மண் தூசி ஏறுகிறது. எங்கள் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது: பஞ்சு. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து இது நூற்பாலை ஊர். ஷிஃப்ட் முடிந்து வருகிறவரின் சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிவரும் பஞ்சு காருக்குள் உதிர்ந்து, பழைய கிரீஸோடு சேர்ந்து திரிபோலத் திரண்டுவிடுகிறது. அப்பாவின் பெடல் ஸ்பிரிங்கிலிருந்து அண்ணன் எடுத்துக் காட்டிய திரியை வைத்து ஒரு விளக்கே ஏற்றியிருக்கலாம். எண்ணெய்தான் ஏற்கெனவே ஊற்றியாயிற்றே!

எந்தச் சத்தம், எந்த இடம்?

பெடலை மிதிக்கும்போது கேட்கும் எல்லாச் சத்தமும் பெடலிலிருந்து வருவதில்லை. இதைப் பிரித்தறிய அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள்.

இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கீச் வருகிறதா? சத்தம் பெடலில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். புஷ், ஸ்பிரிங், பின் மூன்றையும் பாருங்கள். காலுக்கு மேலே கேட்காமல், பானெட் பக்கமிருந்து கேட்டால் கிளட்ச் கேபிளோ, கியர்பாக்ஸ் அருகில் உள்ள கிளட்ச் ஃபோர்க்கோ வறண்டிருக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது, கிளட்சை மிதித்தால் மட்டும் 'ஙீ' என்று வருகிறதா? அது பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டிய வேலை. பெடலில் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் போகாது.

வண்டி ஓடும்போது, பிரேக் போட்டால் மட்டும் சக்கரத்திலிருந்து கிறீச்சென்று வருகிறதா? பிரேக் பேடு தேய்ந்திருக்கலாம். பல கார்களின் பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிச் சத்தம் கொடுக்கும். 'என்னை மாற்று' என்று அது கூப்பிடும் குரல் அது. கிறீச் போய்க் 'கரகர' என்று இரும்பு உரசும் சத்தம் வந்துவிட்டால், அன்றே பட்டறைக்குப் போய்விடுங்கள்.

பிரேக்கை மிதித்தால் 'உஸ்' என்று காற்றுச் சத்தமா? லேசாக வந்து நின்றுவிட்டால் கவலையில்லை, பூஸ்டருக்குள் காற்று போகும் சத்தம் அது. ஆனால் உஸ் நிற்காமல் வருகிறது, பெடலும் கல்லாக இறுகுகிறது என்றால் பூஸ்டரில் கசிவு.

வீட்டிலேயே சரிசெய்யலாமா?

இன்ஜின் அணைந்த நிலையில் பெடலின் புஷ்ஷிலோ ஸ்பிரிங்கிலோ கீச் என்றால், தாராளமாகச் செய்யலாம். அரை மணி நேர வேலை. ஒருவர் போதாது, இருவர் வேண்டும். அப்பா, மகள், கணவன், மனைவி, யார் வேண்டுமானாலும்.

முதலில் முட்டுக்கொடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். 'கியரில் விட்டால் போதாதா?' என்று கேட்டேன். போதாது. கியரில் நிற்கும் வண்டியைப் பிடித்துவைத்திருப்பது இன்ஜின். கிளட்சை மிதித்ததுமே அந்தப் பிடி விட்டுப்போகும். நாம் செய்யப் போவதே கிளட்சை மிதித்துப் பார்க்கும் வேலை. அதனால் செங்கல் கட்டாயம்.

கையால் மிதியுங்கள். பெடலைக் காலால் மிதிக்காமல், கையால் மெதுவாக அழுத்தி விடுங்கள். வேகமாக அழுத்தினால் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பிடிபடாது. இன்னொருவர் டார்ச் அடித்துக் கேட்கட்டும். சத்தம் வரும் இடத்துக்குப் பக்கத்தில், அசையாத இரும்புச் சட்டத்தின் மேல் விரல் நுனியை வைத்தால் அதிர்வு தெரியும். அசையும் பாகங்களுக்கு நடுவில் மட்டும் விரலை விடாதீர்கள். இரண்டு மூன்று முறை அழுத்தியதும் பிரேக் பெடல் இறுகிவிடும், பயப்பட வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பூஸ்டரின் உதவி தீர்ந்துபோவதால் வரும் இயல்பான இறுக்கம் அது.

ஆட்டிப் பாருங்கள். பெடலைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டுங்கள். இலேசான அசைவு இருக்கலாம். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கிரீஸ் வைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல. புஷ் மாற்றத்தான் வேண்டும். அப்பாவின் காரில் இதுதான் கதை. புஷ் சின்னச் சாமான்தான். ஆனால் பெடலை இறக்கி ஏற்ற வேண்டும் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

துடையுங்கள். பழைய பிசுக்கு, தூசி, பஞ்சு எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷும் பனியன் வேஸ்ட்டும் வைத்து எடுத்துவிடுங்கள். அழுக்கின் மேல் வைக்கும் கிரீஸ், அழுக்கை உள்ளே தள்ளி, தேய்மானத்தைக் கூட்டும்.

கொஞ்சமாக வையுங்கள். ஆட்டோமொபைல் கடைகளில் வெள்ளை லித்தியம் கிரீஸ், சிலிகான் கிரீஸ் இரண்டும் கிடைக்கும். நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஏற்றதா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். மெல்லிய குழாய் வைத்த ஸ்பிரே என்றால் பின்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். புஷ் ஓரம், ஸ்பிரிங் கொக்கிகள், பின் ஆகிய இடங்களில் மிளகு அளவு போதும். பிறகு இருபது முப்பது முறை அழுத்தி விட்டால் உள்ளே பரவும். வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

கடைசியாகக் கழுவுங்கள். பெடல் ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உங்கள் செருப்பின் அடிப்பக்கத்தையும்தான். எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைத்த பாடம் இது. ரப்பரின் வரிகள் தேய்ந்து மொழுக்கென்று இருந்தால் புது ரப்பர் போட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே சாலைக்குப் போங்கள்.

எங்கே தொடக் கூடாது?

பிரேக் பெடலின் மேல்பகுதியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பின்னால் வருபவருக்குச் சிவப்பு விளக்கைக் காட்டுவது அதுதான். அதில் ஸ்பிரே படக் கூடாது. வேலை முடிந்ததும் யாரையாவது பின்னால் நிற்கவைத்து, மிதித்தால் விளக்கு எரிகிறதா, விட்டால் அணைகிறதா என்று பாருங்கள். ஆள் இல்லையென்றால் இரவில் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்திப் பாருங்கள். சுவரில் சிவப்பு தெரியும்.

இன்றைய கார்களில் ஆக்ஸிலேட்டருக்குப் பெரும்பாலும் கேபிள் கிடையாது. பெடலிலேயே சென்சார் இருக்கிறது. அதற்குள் எதையும் அடிக்காதீர்கள். அது சத்தம் போட்டாலோ, மெதுவாகத் திரும்பினாலோ, நேரே சர்வீஸுக்குத்தான். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட ஒயர்களைப் பார்த்தால் கை வைக்காதீர்கள், அவை பொதுவாக ஏர்பேக்குக்குப் போகிறவை.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் மூன்றுமே வேண்டாம். வழியும், தூசியைப் பிடிக்கும், ரப்பரில் இறங்கும். துரு இளக்கும் ஸ்பிரே? அடித்த அன்று சத்தம் போகும். சில நாளில் ஆவியாகிப் போனதும், மிச்சமிருந்த பழைய கிரீஸையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். கீச் முன்னைவிட ஜோராகத் திரும்பி வரும்.

இது வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்

பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் கசிவு இருக்கலாம். பெடல் பஞ்சுபோல அமுங்கினால், பிரேக் ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கலாம். பெடலுக்குப் பின்னால், மேட்டின்மேல் ஈரம் தெரிந்தால், அது மழைத் தண்ணீரா, ஆயிலா என்று தொட்டுப் பாருங்கள். ஆயில் என்றால் கையைக் கழுவிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், வண்டியை எடுக்காதீர்கள். கிளட்ச் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனால், கேபிள் உள்ளே பிரி பிரியாக அறுந்துகொண்டிருக்கலாம். மிதித்த பெடல் மேலே வராமல் தங்கினால், எந்தப் பெடலாக இருந்தாலும் அந்த வண்டி அன்று ஓடக் கூடாது.

பூஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இன்ஜினை அணைத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகும். மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லையென்றால் காட்டிவிடுங்கள். கூடவே, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உங்கள் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மேட் செய்த வேலை

'ஒரு பெடலுக்கு இவ்வளவு பேச்சா?' என்று தோன்றலாம். 2009 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு கார் கட்டுக்கடங்காமல் பாய்ந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் இறந்தார்கள். காருக்குப் பொருந்தாத மேட் ஒன்று ஆக்ஸிலேட்டரைச் சிக்கவைத்திருந்தது. அதன் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான கார்களை மேட், பெடல் பிரச்னைக்காகத் திரும்ப அழைத்தது. 2010 ஜனவரியில், ஆக்ஸிலேட்டர் பெடல் மேலே வராமல் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்று இன்னும் சுமார் 23 லட்சம் கார்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது.

அந்தப் பெடலில் நடந்தது என்ன தெரியுமா? கேபிள் இல்லாத மின்னணு பெடல் காலுக்குக் காற்றை மிதிப்பதுபோல இருக்கும். பழைய கேபிள் பெடலின் கனம் காலுக்குத் தெரிய வேண்டும் என்று, வேண்டுமென்றே உள்ளே உராய்வு தரும் ஒரு பாகத்தை வைத்திருந்தார்கள். அது தேய்ந்து, ஈரமும் சேர்ந்தபோது, உராய்வு தேவைக்கு மேல் கூடிவிட்டது. சரிசெய்ய அவர்கள் வைத்தது ஒரு சின்ன இரும்புத் துண்டு. 2014-ல், வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொல்லாத குற்றத்துக்காக அந்நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நம் வீடுகளிலும் பாருங்கள். கம்பெனி மேட்டின்மேல் ஒரு ரப்பர் மேட், அதன்மேல் வாட்டர் சர்வீஸில் விரித்த நியூஸ் பேப்பர். சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில். அது பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தால், மிதித்தாலும் பெடல் இறங்காது. ஒரே ஒரு மேட், அதுவும் கொக்கியில் மாட்டியது. டிரைவர் பக்கம் வேறெதுவும் கிடக்கக் கூடாது.

கேட்காத காது

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பட்டறையில், அண்ணன் பெடலைக் கையால் அழுத்தி, "அண்ணாச்சி, இந்தச் சத்தம் எத்தன நாளா வருது?" என்று கேட்டார். பட்டறை முழுக்கக் கேட்கும்படி கீச்சிட்டது பெடல்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சத்தம் வருகிறதா என்று என் முகத்தில் தேடினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் அலட்சியமாக இருக்கவில்லை. அவருக்கு அந்தக் கீச் கேட்கவே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் நூற்பாலையில் மெஷின்களுக்கு நடுவே நின்றவர். இடைவிடாத இரைச்சலில் பல ஆண்டுகள் இருந்தால், காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான். பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும், குருவிச் சத்தம் மெல்ல மறைந்துபோகும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று தொழிற்சாலை விதிகளில் வரம்பு இருக்கிறது. ஆனால் அப்பா வேலைக்குச் சேர்ந்த நாளில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதாகத்தான் அவருக்கு நினைவு. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பெடல் கீச் கேட்காதவருக்கு, தேய்ந்த பேடின் கிறீச்சும் கேட்காது. காரைச் செய்தவர்கள் எச்சரிக்கைக்காக வைத்த குரலே அவருக்குப் போய்ச் சேராது. இதை யோசித்தபோது, பூக்காரம்மாவின் கூடையைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது.

அதனால், வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வயதானவர் யாரேனும் கார் ஓட்டினால், மாதம் ஒருமுறை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் வாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு. 'உங்களுக்குக் கேட்கலையா?' என்று குத்திக் காட்ட வேண்டாம். 'எனக்கு ஒரு சத்தம் கேட்குதுப்பா' என்று சொன்னால் போதும். காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவதும் நல்லது. நாங்கள் காட்டிவிட்டோம்.

முட்டுக்கட்டை

புது புஷ் போட்டு, கிரீஸ் வைத்து, ரப்பர் மாற்றி, மறுவாரம் மீண்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பூக்காரம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டார். கூடையை ஓர் அடி தள்ளி வைத்தபடியே மூன்று முழம் அளந்து கொடுத்தார்.

ஆடிப்பூரத் தேர் நிற்கும் தேரடியில் அப்பா சற்று நேரம் நின்றார். இன்று பெரிய தேர்கள் பலவற்றுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகித் திருப்பவும் நிறுத்தவும் ஆட்கள் கூடவே ஓடுகிறார்கள். 'எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறான்' என்று யாரையாவது திட்டும்போது நாம் சொல்வது அந்தக் கட்டையைத்தான். "தேர் இழுக்கிறவன் ஆயிரம் பேரு. ஆனா கட்டை போடுறவன் காது, இழுக்கிறவன் சத்தத்துலயும் திறந்தே இருக்கணும்" என்றார் அப்பா. பிறகு, "எனக்கு இனிமே நீதான் கட்டை" என்றார். திட்டா, பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

இப்போது கார் சத்தமில்லாமல் வந்து வாசலில் நிற்கிறது. ஒருவருக்குத்தான் இதில் வருத்தம். "வர்றதும் தெரியல, போறதும் தெரியல. தோசையை எப்ப ஊத்துறதுன்னே தெரியல" என்கிறார் அம்மா. அதனால் வேகத்தடை தாண்டியதும் அப்பா ஒருமுறை ஹாரன் அடிக்கிறார்.